கழுத்தில் கட்டி, இருமலே இல்லை, அதற்கு ஏன் காசநோய் என்று பெயர்?

பல்லடம் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்குக் கழுத்தில் வரிசையாக நெறி கட்டியிருக்கிறது. ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துப் பார்த்ததில் டிபி என்று வந்திருக்கிறது. அம்மாவுக்கோ ஒரு நாள் கூட இருமல் கிடையாது. அகராதியைப் புரட்டினால் காசம் என்றால் இருமல் என்று போட்டிருக்கிறது, அப்படியென்றால் இருமாத ஆளுக்குக் காசநோய் எப்படி வரும், டியூபர்குளோசிஸ் என்ற சொல்லுக்கு என்னதான் பொருள், டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரா என்பது அவர் கேள்வி. ஒரம்பரைச் சனம், அதாவது சொந்தபந்தங்கள், வேறு "பெருந்துறை சானடோரியத்துல கொண்டுபோய்ச் சேருங்க" என்கிறார்களாம். அம்மாவுக்குத் தனியாக ஒரு சந்தேகம்: "எனக்குக் கண்ணுல முன்னாடியே காசம் இருந்துச்சே, அதுதான் கழுத்துக்கு எறங்கிருச்சா?"

தம்பி, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் ஈரோடு மாவட்டத்தில் அரசு ஆய்வகத்தில் சளிப் பரிசோதனை பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன். உங்களுடைய இதே கேள்வியை எத்தனையோ பேர் ஆய்வக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறார்கள். இந்தச் சீக்குக்கு நம் மொழியில் நிலைத்த பெயர் அதன் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறது, அதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஒவ்வொரு பெயராகப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

காசம் வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு இருமல் என்றுதான் பொருள், உங்கள் அகராதி சரி. சரகரின் ஆயுர்வேத நூலில் காசம் ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வாதம், பித்தம், கபம் மூன்றால் வருபவை மூன்று, நெஞ்சில் புண்பட்டு வருவது ஒன்று, உடம்பு தேய்ந்து அதனால் வருவது ஒன்று. அந்த ஐந்தாவது வகையைக் கவனியுங்கள். உடம்பைத் தேய்க்கும் பெரிய வியாதி தனியாக இருக்கிறது, இருமல் அதனால் வரும் தொந்தரவுகளில் ஒன்று, அவ்வளவுதான். அந்தப் பெரிய வியாதிக்கு அவர்கள் வைத்த பெயர் ராஜயக்ஷ்மா, அல்லது க்ஷயம். தமிழில் நாம் என்ன செய்துவிட்டோம் என்றால், அறிகுறியின் பெயரை எடுத்து முழு நோய்க்கும் சூட்டிவிட்டோம்.

அக்கம்பக்கத்தில் அப்படி இல்லை. வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் போனால் க்ஷயம் என்பார்கள். திம்பம் ஏறித் தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்களிடம் கேட்டால் க்ஷய. தெலுங்கிலும் அதேதான். தமிழிலும் சயம், சயரோகம் என்று இருந்தது, இலங்கைத் தமிழர்கள் இன்றும் சயரோகம் என்று சொல்வதுண்டு. எலும்புருக்கி என்ற பெயரும் நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். எலும்பில் வரும் டிபிக்கு வைத்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஆளை உருக்கி எலும்பும் தோலுமாக ஆக்கிவிடுகிறதே, அதைப் பார்த்து வைத்த பெயர் அது. பிறகு அரசு போர்டுகளிலும் பாடப்புத்தகங்களிலும் காசநோய் என்பது நிலைத்துவிட்டது.

க்ஷயம் என்றால் தேய்தல், குறைதல். அட்சய திருதியை நமக்கெல்லாம் தெரியும், குறையாதது அட்சயம், குறைவது க்ஷயம். இதற்கு ஒரு புராணக் கதையும் உண்டு. தட்சனின் இருபத்தேழு பெண்களைக் கட்டிக்கொண்ட சந்திரன் ரோகிணி ஒருத்தியிடமே கிடந்ததால், மாமனார் கோபத்தில் தேய்ந்து போகச் சபித்தார் என்பதும், அப்புறம் சிவன் அருளால் தேய்வதும் வளர்வதுமாக ஆனான் என்பதும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தத் தேய்வு நோய்தான் ராஜயக்ஷ்மா. ராஜாவான சந்திரனுக்கு முதலில் வந்ததால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம், நோய்களுக்கெல்லாம் ராஜா என்பதால் என்று இன்னொரு விளக்கம். யக்ஷ்மா என்ற சொல் ரிக்வேதத்திலேயே இருக்கிறது, பத்தாம் மண்டலத்தில். கண்ணிலிருந்து, மூக்கிலிருந்து, காதிலிருந்து, மூளையிலிருந்து, நாக்கிலிருந்து யக்ஷ்மாவை விரட்டுகிறேன் என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டே போகும் ஒரு மந்திரம். அங்கே அது எந்த நோயையும் குறிக்கும் பொதுச் சொல்லாகவே தெரிகிறது, அதனால் வேத காலத்திலேயே டிபியை அடையாளம் கண்டுவிட்டார்கள் என்று அதை வைத்துச் சொல்ல நான் தயாரில்லை.

இந்த யக்ஷ்மா பழங்கதை ஆகிவிடவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசா, வங்காளத் தொழிலாளர்களின் மொழியில் டிபிக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். பீகார்க்காரர்களிடம் இந்தியில் க்ஷய ரோக் என்றோ தபேதிக் என்றோ சொன்னால் புரியும். தபேதிக் பாரசீகத்திலிருந்து வந்தது, உடம்பைக் கரைக்கும் காய்ச்சல் என்று பொருள். அந்தத் தொழிலாளிகளிடம் போய்க் காசநோய் காசநோய் என்று நோட்டீஸ் கொடுத்தால் என்ன பிரயோசனம்? நம் மாவட்டங்களில் சுகாதார வேலையில் இருக்கும் பிள்ளைகள் இந்தச் சொற்களை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிரேக்கர்களும் இதே தேய்வைத்தான் பார்த்தார்கள். ஹிப்போகிரட்டிஸ் காலத்து மருத்துவ நூல்களில் இதற்குப் பெயர் ப்திசிஸ், ஆங்கிலத்தில் தைசிஸ் என்று உச்சரிப்பார்கள். அதற்கும் தேய்ந்து அழிதல் என்றே பொருள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி என்னவென்றால், பொருள் ஒன்றாக இருப்பது மட்டும் இல்லை, ப்திசிஸும் க்ஷயமும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த சொற்கள். கிரேக்கமும் வடமொழியும் பிரிவதற்கு முன்னால் இருந்த ஆதிமொழியின் ஒரு வேர்ச்சொல், அங்கே 'ப்தி' ஆனது, இங்கே 'க்ஷி' ஆனது. மொழியியலில் இது நன்றாக நிறுவப்பட்ட ஒன்று. இன்று உங்கள் அம்மாவின் மருந்து அட்டையில் நிக்ஷய் எண் என்று ஒன்று எழுதுவார்கள், பாருங்கள். நிக்ஷய் என்றால் க்ஷயம் இல்லாமல் ஆக்குவது. சத்துணவுக்காக மாதாமாதம் வங்கிக் கணக்கில் வரும் பணமும் அந்தப் பெயரில்தான். 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். வாங்கவில்லை என்றால் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

சரி, டியூபர்குளோசிஸுக்கு வருவோம். அம்மாவின் கழுத்துக் கட்டிக்குப் பொருந்தும் பெயர் இதுதான்.

லத்தீனில் டூபர் என்றால் புடைப்பு, முண்டு. உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்குகளை ஆங்கிலத்தில் டியூபர் என்பதும் அதனால்தான். அதைச் சின்னதாக்கிச் சொன்னால் டூபர்குலம், அதாவது சிறுமுண்டு. அதோடு ஒரு நிலையைக் குறிக்கும் 'ஓசிஸ்' என்ற கிரேக்க விகுதியைச் சேர்த்தால் சிறுமுண்டுகள் உண்டாகும் நோய் என்று ஆகிறது. இருமலும் அதில் இல்லை, நுரையீரலும் அதில் இல்லை.

இந்தப் பெயர் பிணத்தை அறுத்துப் பார்த்தவர்களிடமிருந்து வந்தது. வெளியே நின்று பார்த்தவருக்கு இருமலும் இளைப்பும் தெரிந்தது, உள்ளே திறந்து பார்த்தவர்களுக்கு முண்டுகள் தெரிந்தன. சில்வியஸ் என்ற டச்சு மருத்துவரின் நூல் 1679-ல் வந்தது, சயரோகிகளின் நுரையீரலில் இந்த முண்டுகள் இருப்பதையும் அவை பழுத்துக் குழியாவதையும் அதில் எழுதியிருந்தார். 1700-ல் மாங்கே என்பவர் உடம்பெங்கும் தினைத் தினையாகச் சிதறிக் கிடந்த முண்டுகளை விவரித்தார், லத்தீனில் மிலியம் என்றால் தினை போன்ற சிறுதானியம், அதிலிருந்து மிலியரி டிபி என்ற பெயர் வந்தது. எக்ஸ்ரேயில் அந்த மிலியரியை நான் பார்த்திருக்கிறேன். சாமையும் தினையும் விளையும் ஊரில் பிறந்தவனுக்கு அந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு பிரான்சில் லேனெக், ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தாரே அவர், வேறுவேறு நோய் என்று நினைத்திருந்த பலவற்றையும் இந்த முண்டை அடையாளமாக வைத்து ஒன்று சேர்த்தார். 1819-ல் நூல் எழுதினார், 1826-ல் அதே நோயால் இறந்தார். நோய்க்கு டியூபர்குளோசிஸ் என்று முதலில் பெயர் சூட்டியவர் ஜெர்மன் மருத்துவர் ஷோன்லைன், 1830-களில்.

ஆக, பெயர் வந்துவிட்டது, கிருமி அதுவரை யாருக்கும் தெரியாது. 1865-ல் வில்மன் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயாளியின் முண்டிலிருந்து எடுத்ததை முயலுக்கு ஏற்றி, இது தொற்றும் என்று காட்டியபோதும் பலர் நம்பவில்லை. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் கிருமியையே காட்டினார். அந்த நாளைத்தான் உலக காசநோய் நாள் என்று கொண்டாடுகிறோம். கிருமிக்கு மைகோபாக்டீரியம் என்ற பெயர் 1896-ல் வைத்தது. மைகஸ் என்றால் கிரேக்கத்தில் காளான், திரவத்தில் வளர்த்தால் மேலே பூசணம் மாதிரி ஏடு படர்வதால் அப்படி. மற்றபடி காளானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோக் காட்டிய பிறகு வந்த சாயமுறையில்தான் நாங்கள் காலமெல்லாம் வேலை செய்தோம். கண்ணாடித் துண்டில் சளியைத் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கி, அமிலத்தால் கழுவினால் மற்ற எல்லாவற்றிலிருந்தும் சிவப்பு போய்விடும், இந்தக் கிருமியின் மெழுகுத் தோலிலிருந்து மட்டும் போகாது. அப்புறம் நீலம் ஊற்றிப் பார்த்தால் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும்.

அம்மாவின் கழுத்தில் நடந்ததும் இந்த முண்டுக் கதைதான். மூச்சோடு உள்ளே போன கிருமி நுரையீரலில் பெரிய தடம் எதுவும் விடாமலே நிணநீர் வழியாக நெறிக்குப் போய்ச் சேரலாம். வெள்ளை அணுக்கள் அதை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. உதவிக்கு மேலும் மேலும் அணுக்கள் வந்து சுற்றி வளைத்து ஒரு உருண்டையாகக் கட்டிவிடும், நடுவில் இருப்பவை செத்துப் பாலாடைக்கட்டி மாதிரி வெளுத்துப் போகும். அந்த உருண்டைதான் டூபர்குலம். ஊசி போட்டு எடுத்த ரிப்போர்ட்டில் கிரானுலோமா என்று ஒரு சொல் இருக்கும், பாருங்கள். அது இந்த உருண்டைக்கு இன்னொரு பெயர், லத்தீனில் தானியமணி என்ற சொல்லிலிருந்து வந்தது. முடி, நகம் தவிர உடம்பில் எங்கு வேண்டுமானாலும் இது உண்டாகலாம். முதுகெலும்பில் வந்து முதுகு கூனிப் போவதை 1779-ல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தார், அதைப் பாட்ஸ் நோய் என்பார்கள். இந்தியாவில் பதிவாகும் டிபியில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று நுரையீரலுக்கு வெளியேதான் இருக்கிறது. உங்கள் அம்மா அபூர்வமான ஆள் ஒன்றும் இல்லை.

சொல்லப்போனால் கழுத்து நெறிக்கு நம் வைத்தியத்தில் பழைய பெயரே உண்டு: கண்டமாலை. கண்டம் என்றால் கழுத்து, கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் கட்டிகள் வரிசையாக நிற்பதால். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்கும். கழுத்தில் வரும் எல்லாக் கட்டிகளையும் சேர்த்தே அப்படிச் சொன்னார்கள் என்றாலும், அதில் பெரும் பங்கு டிபியாக இருந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் இதை ஸ்க்ரோஃபுலா என்றார்கள், லத்தீனில் தாய்ப்பன்றியைக் குறிக்கும் சொல்லிலிருந்து. ராஜா தொட்டால் குணமாகும் என்று வரிசையில் நின்றார்கள். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக இருந்தபோது 1712-ல் லண்டனுக்குத் தூக்கிப்போய் ஆன் அரசியின் கையால் தொடவைத்தார்கள். கண்டமாலை வேறு, சயம் வேறு என்றே பலரும் நினைத்திருந்தார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே கிருமி என்று கோக்கின் வேலைக்குப் பிறகுதான் உறுதியானது.

நோயை மறைப்பதற்காக வைத்த பெயர்களும் உண்டு, அவற்றைப் பற்றி எனக்கு உண்மையிலேயே வருத்தம். கேஸ் ஷீட்டில் ராபர்ட் கோக்கின் பெயரை வைத்துக் கோக்ஸ் என்று எழுதுவார்கள், நோயாளிக்கு முன்னால் டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் அப்படித்தான். குழந்தைகளுக்கு வந்தால் ப்ரைமரி காம்ப்ளக்ஸ். கோயமுத்தூர், திருப்பூரில் எத்தனையோ அம்மாக்கள் "பையனுக்குச் சின்னதுல ப்ரைமரி காம்ப்ளக்ஸ் இருந்துச்சுங்க, ஆறு மாசம் மருந்து குடுத்தோம்" என்பார்கள், அது டிபி என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. முதல்முறை கிருமி நுழைந்த இடத்தில் நுரையீரலில் ஒரு புள்ளியும், பக்கத்து நெறியில் வீக்கமும் சேர்ந்து இருப்பதைத்தான் காம்ப்ளக்ஸ் என்கிறார்கள். குழந்தைக்கு டிபி என்றால் அந்த வீட்டிலோ பக்கத்திலோ இருமும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பெயரை மறைத்தால் அந்தத் தேடல் நடக்காது. பொண்ணு பார்க்க வருகிற இடத்தில் தெரிந்துவிடும் என்று நெஞ்சுச்சளி என்று சொல்லிக்கொள்கிற வீடுகளை நான் குறை சொல்லமாட்டேன், ஊர் பேசுகிற பேச்சு அப்படி இருக்கிறது. ஆனால் மருத்துவத்தில் இருப்பவர்கள் பெயரைச் சொல்லத் தயங்கக் கூடாது.

காசம் என்ற பெயர் இன்னொரு வகையிலும் நம் பக்கம் தொந்தரவு செய்கிறது. ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு இருமலும் நெஞ்சு இறுக்கமும் வரும், லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் அதிகமாக இருக்கும். அது பிசினோசிஸ், கிருமி நோய் இல்லை. அதற்கு டிபி மாத்திரை கொடுத்தால் பலனில்லை. மறுபக்கம், டிபி வந்தவர் "மில்லுத் தூசிதானுங்க" என்று மாதக்கணக்கில் இருமிக்கொண்டே இருப்பார். கிரஷரிலும் ஃபவுண்டரியிலும் கல்தூள், மணல்தூள் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டு டிபி சுலபமாகப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால், காரணம் எதுவாகத் தோன்றினாலும், சளி கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

பெருந்துறைக்கு வருகிறேன். சானடோரியம் என்பதும் லத்தீன்தான், குணமாக்குதல் என்ற சொல்லிலிருந்து. மருந்து இல்லாத காலத்தில் காற்றோட்டம், ஓய்வு, சாப்பாடு இவைதான் வைத்தியம் என்று ஊருக்கு வெளியே கட்டினார்கள். பெருந்துறையில் அப்படி இருந்த இடம் இன்று அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி, ஊர்ப்பேச்சில் மட்டும் சானடோரியம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாம்பரத்தில் 1928-ல் சானடோரியம் தொடங்கியவர் டாக்டர் சவுரிமுத்து. அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் நடத்திய சானடோரியத்தில் 1917-ல் ஒரு நோயாளி இருந்தார், நம் ஈரோட்டில் பிறந்த கணிதமேதை ராமானுஜன். அவருக்கு டிபி என்றே சிகிச்சை நடந்தது. 1994-ல் டாக்டர் யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலில் வந்த அமீபா நோயாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். இளைப்பையும் காய்ச்சலையும் மட்டும் பார்த்துப் பெயர் வைத்த காலம் அது.

உங்கள் அம்மாவை எங்கேயும் கொண்டுபோய்த் தங்கவைக்க வேண்டியதில்லை. அதை உலகத்துக்கே நிரூபித்தது நம் சென்னைதான். 1956-ல் அங்கே தொடங்கிய ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்கவைத்தாலும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1959-ல் காட்டியது. வீட்டில் இருந்தவர்களுடைய குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. சானடோரியங்கள் உலகெங்கும் மூடப்பட இதுவும் ஒரு முக்கியக் காரணம். கழுத்து நெறியில் மட்டும் இருக்கும் டிபி இன்னொருவருக்குத் தொற்றவும் தொற்றாது, தட்டும் டம்ளரும் தனியாக வைக்காதீர்கள். நுரையீரலில் இல்லை என்று எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்திருப்பார்கள், செய்யவில்லை என்றால் கேளுங்கள்.

சாப்பாட்டில் மட்டும் குறை வைக்காதீர்கள். தேய்தல் என்ற பழைய பெயர் இங்கேதான் உண்மையாகிறது. 2022-ல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், வந்தவுடன் எடை, உயரம், காலில் வீக்கம், எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, மிகவும் மெலிந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மெலிந்தவர்கள்தான் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பதால். ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் குடும்பத்துக்கு உணவுப்பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது, அந்தக் குடும்பங்களில் புதிதாக டிபி வருவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது.

மாத்திரை ஆரம்பித்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, முதல் சில மாதங்களில் நெறி குறையாமல் பெரிதாகவும் செய்யலாம். கிருமி சாகும்போது உடம்பு காட்டும் எதிர்ப்பால் அப்படி ஆவதுண்டு. டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கடைசியாக அம்மாவின் சந்தேகம். கண்ணில் வரும் காசம் வேறு சொல். வடமொழியில் இருமலுக்கு ஒரு சொல், கண்ணாடிக்கு ஒரு சொல், இரண்டிலும் கடைசி எழுத்தின் ஒலி வேறு. கண்ணாடியைக் குறிக்கும் சொல்லே கண்பார்வை மங்கும் ஒரு நோய்க்கும் பெயர். தமிழில் இரண்டையும் ஒரே 'ச' போட்டு எழுதுவதால் காசம் என்று ஒன்றாகத் தெரிகிறது. கண்ணிலிருந்து எதுவும் கழுத்துக்கு இறங்கவில்லை என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் கண் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மா சாப்பிடப் போகும் மருந்துகளில் எதாம்பியூட்டால் என்று ஒன்று இருக்கும். சிலருக்கு அது பார்வை நரம்பைத் தாக்கும், சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாமல் போகும், எழுத்து மங்கும். ஏற்கெனவே கண்ணில் காசம் இருந்தவர் என்பதால், பழைய காசம்தான் திரும்ப வந்துவிட்டது என்று அம்மா சும்மா இருந்துவிடுவார். மருந்து எழுதுகிற டாக்டரிடம் கண் சிகிச்சை பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பார்வையில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.